ஆணியும் தாமரையும்



சிலுவை என்னும் குறியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பு வந்ததும் என் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு குதிகால் எலும்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1968-ஆம் ஆண்டு எருசலேமின் வடபகுதியில் கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்ட நிலத்தை வெட்டினார்கள். பாறையில் குடைந்த பழைய கல்லறைகள் தென்பட்டன. வாசிலியோஸ் ட்சாஃபெரிஸ் என்ற தொல்லியலாளர் அவற்றை அகழ்ந்தார். முதல் நூற்றாண்டு யூதர்கள் இறந்தவரைக் குகைக்குள் கிடத்தி, தசை கரைந்தபின் எலும்புகளைப் பொறுக்கிக் கற்பேழைக்குள் வைப்பார்கள். அப்படியொரு பேழையில் யெகோகனான் என்ற பெயர் கீறப்பட்டிருந்தது. உள்ளே இருபதுகளின் வயதில் இறந்த ஓர் ஆணின் எலும்புகள். வலது குதிகால் எலும்பில், பக்கவாட்டாக, ஓர் இரும்பாணி பாய்ந்திருந்தது. நீளம் ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர். அதன் முனை கொக்கிபோல மடங்கியிருந்தது. அடிக்கும்போது மரத்தின் கணுவில் பட்டிருக்க வேண்டும். பிணத்தை இறக்கியவர்களால் அந்த ஆணியைப் பிடுங்க முடியவில்லை. ஆணியோடும், அதில் ஒட்டிய மரத்துண்டோடும் சேர்த்தே புதைத்துவிட்டார்கள்.

மரத்தில் அந்த இடத்தில் கணு இல்லாதிருந்தால் ஆணி நேராகக் கழன்று வந்திருக்கும். நமக்கு இந்தச் சான்று கிடைத்திருக்காது. உரோமப் பேரரசு பல நூற்றாண்டுகள் ஆயிரக்கணக்கானோரைச் சிலுவையில் அறைந்தது. ஆனாலும் எலும்பில் கிடைத்த சான்றுகளை விரல்விட்டு எண்ணலாம். 2017-இல் இங்கிலாந்தில் ஃபென்ஸ்டான்டன் என்ற சிற்றூரில் குதிகாலில் ஆணியோடு இன்னோர் எலும்புக்கூடு கிடைத்தது. இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அறையப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையே இல்லை. காக்கைக்கும் நாய்க்கும் விடுவது தண்டனையின் ஒரு பகுதி. ஒருவரைக் கொல்வதோடு நில்லாமல் அவர் இருந்த தடத்தையும் அழிப்பதற்காகவே அந்த மரம் நடப்பட்டது.

உரோமில் இந்தத் தண்டனை யாருக்கு? அடிமைக்கு, கலகக்காரனுக்கு, குடியுரிமை இல்லாதவனுக்கு. கி.மு. 71-இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து உரோம் வரை அப்பியன் சாலையின் ஓரத்தில் வரிசையாக அறைந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்களும் வண்டியோட்டிகளும் குழந்தைகளும் அந்த வரிசையைக் கடந்துதான் போயிருப்பார்கள். நாவலரான சிசரோ, உரோமக் குடிமகனின் உடல் மட்டுமல்ல, அவன் கண்ணும் காதும் எண்ணமும்கூடச் சிலுவை என்ற சொல்லை அண்டக் கூடாது என்று வாதாடினார். கண்ணியமானவர்கள் வாயில் எடுக்காத சொல் அது. பிளாட்டஸின் நாடகங்களிலோ அடிமைகள் ஒருவரையொருவர் 'போய்ச் சிலுவையில் தொங்கு' என்ற பொருளில் சர்வ சாதாரணமாக வைகிறார்கள்.

தமிழர்களுக்கு இதை விளக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்மிடம் கழுமரம் இருந்தது. மலையாளத்திலும் குமரிப் பக்கத்திலும் 'கழுவேறி' என்பது இன்றும் கடும் வசை. அதே கழுவில் ஏற்றப்பட்ட காத்தவராயன் தெய்வமாகி நிற்கிறான். அவன் விழாவில் கழுமரம் நட்டு ஏறுவது சடங்கு. அரசு கொன்றவனை மக்கள் கும்பிடுகிறார்கள். கொன்ற கருவியையும் சேர்த்துக் கும்பிடுகிறார்கள். காத்தவராயன் கதையும் இயேசு அறையப்பட்ட கல்வாரியின் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தால் அவமானச் சின்னத்தைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ள முடியும் என்பதை நம் மண்ணிலிருந்தே புரிந்துகொள்ளலாம் என்கிறேன். இயேசுவுக்கு நேர்ந்தது கழுவேற்றத்துக்கு நிகரான இழிவு. அதைக் கணக்கில் எடுக்காமல் சிலுவையின் வரலாற்றை எழுத முடியாது.

இப்போது நாம் 'அவரவர் சிலுவையை அவரவர்தான் சுமக்க வேண்டும்' என்று வீட்டுச் சுமைக்கும் அலுவலகச் சுமைக்கும் சொல்கிறோம். மதவேறுபாடு இல்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் நூற்றாண்டில் அதைக் கேட்டவனுக்கு அதன் பொருள் வேறு. கொல்லப்படப் போகிறவன் தான் அறையப்படப் போகும் குறுக்குச் சட்டத்தைத் தானே தோளில் சுமந்து, ஊர் பார்க்க, ஊருக்கு வெளியே நடக்க வேண்டும். சுமப்பவன் திரும்பி வருவதில்லை.

அப்படியானால் ஆதிக் கிறிஸ்தவர்கள் இந்தக் குறியை என்ன செய்தார்கள்? பெரும்பாலும் வரையவில்லை. உரோமின் நிலவறைக் கல்லறைகளில் மீன் இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது, ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் இருக்கிறான். சிலுவையில் தொங்கும் இயேசுவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய கி.பி. 200-ஐச் சேர்ந்த சில கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. சிலுவை என்ற சொல்லை எழுதும்போது எழுத்தர்கள் 'டௌ', 'ரோ' என்ற இரண்டு எழுத்துகளைப் பிணைத்து எழுதினார்கள். 'டௌ' குறுக்குமரம், அதன்மேல் 'ரோ'வின் சுழி ஒரு தலைபோல நிற்கும். வாசிப்பவனுக்கு மட்டும் தெரியும்படி, சொல்லுக்குள்ளேயே ஒளித்து வைத்த சித்திரம் அது.

சிலுவையில் அறையப்பட்ட உருவத்தை வெளிப்படையாக வரைந்த மிகப் பழைய கைகளில் ஒன்று பகைவனுடையது. உரோமின் பாலத்தீன் குன்றில் ஒரு கட்டடத்தின் சுவர்ப்பூச்சில் கீறிய படம் 1857-இல் கண்டெடுக்கப்பட்டது. அரண்மனைப் பணிக்குச் சிறுவர்களைப் பழக்கிய இடமாக அது இருந்திருக்கலாம் என்கிறார்கள். கழுதைத் தலையுள்ள ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஓர் இளைஞன் கையுயர்த்திக் கும்பிடுகிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் பிழைகளோடு எழுதியிருக்கிறது. கூடப் படித்தவனையோ கூட வேலை செய்தவனையோ எவனோ கேலி செய்திருக்கிறான். அடுத்த அறையில் இலத்தீனில் இன்னொரு கிறுக்கல்: 'அலெக்சமெனோஸ் விசுவாசமுள்ளவன்.' எழுதியது அவனேதானா, அவனுக்காகப் பரிந்த வேறொருவனா? யாராயினும், அந்தக் கேலிக்கு ஓர் இரவில் யோசித்து எழுதிய பதில்போல எனக்குத் தோன்றும். அலெக்சமெனோஸைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாது.

312-இல் மில்வியன் பாலத்துப் போரையொட்டிப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்துவின் பெயரெழுத்துகளைப் படைச் சின்னமாக்கினார். அவர் தாய் எலேனா எருசலேமில் மெய்ச்சிலுவையைக் கண்டெடுத்தார் என்ற மரபு எழுந்தது. 335-இல் அங்கே இயேசுவின் கல்லறைக் கோவில் நேர்ந்தளிக்கப்பட்டது. செப்டம்பர் 14-இல் கொண்டாடப்படும் திருச்சிலுவை விழாவின் வேர் அங்கேதான். சிலுவைத் தண்டனையையும் கான்ஸ்டன்டைன் நிறுத்தினார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சாலையோரத்தில் சிலுவை நின்றவரை கோவிலுக்குள் அதை யாராலும் அழகாக வரைய முடியவில்லை. சாலையிலிருந்து அது மறைந்து ஏறக்குறைய நூறாண்டு கழித்து, உரோமின் சாந்தா சபினா கோவிலின் மரக்கதவில் சிற்பி ஒருவன் அதைச் செதுக்குகிறான். அப்போதும் தயங்கித் தயங்கியே. மூன்று மனிதர்கள் கைவிரித்து நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சிலுவை மரம் கண்ணுக்குப் படுவதே அரிது. நேரில் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த பிறகே அந்த உருவத்தைச் செதுக்கக் கை வந்திருக்கிறது.

அதன்பின் பொன் வந்தது, மணி வந்தது. பேரரசர்களின் முடிமேல் சிலுவை ஏறியது. அந்தப் பகுதியை விரைவாகக் கடந்து, கிழக்கே வருகிறேன். ஏனென்றால் உலகின் மிக அழகான சிலுவைகளில் ஒன்று சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1547-இல் போர்த்துக்கீசியர் பரங்கிமலை உச்சியில் கோவில் கட்ட அடித்தளம் தோண்டும்போது ஒரு கற்பலகை கிடைத்தது. இன்று அது அங்கே பீடத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கல். நடுவில் சிலுவை. அதன் நான்கு முனைகளும் மொட்டுப்போல விரிகின்றன. அடியில் தாமரை இதழ்கள் இருபுறமும் மடிந்து தாங்குகின்றன. மேலிருந்து ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. இருபக்கமும் தூண்கள். தூண்களின் மேல் மகரங்கள்; அவற்றின் வாயிலிருந்து புறப்படும் வளைவு சிலுவைக்கு மேலே கூடுகிறது. நம் கோவில்களின் மகர தோரணத்தைப் பார்த்த கண்ணுக்கு அதைச் செதுக்கிய உளி எந்த ஊர் உளி என்று சொல்ல வேண்டியதில்லை. வளைவைச் சுற்றி ஓர் அயல் எழுத்து ஓடுகிறது.

அந்த எழுத்தைப் போர்த்துக்கீசியர் உள்ளூர்ப் பிராமணர் ஒருவரிடம் காட்டியபோது அவர் இயேசுவின் சீடர் தோமையாரின் வரலாறாக நீண்ட கதையொன்றைப் படித்துச் சொன்னாராம். அவ்வளவு கதைக்கு அந்தக் கல்லில் இடமே இல்லை. அது பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று 1873-இல் ஏ.சி. பர்னல் வெளியிட்டார். அதன்பின் பல அறிஞர்கள் பல விதமாகப் படித்துவிட்டார்கள். அதிலுள்ள ஆட்பெயரில் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பலரும் ஏற்கும் வாசிப்பு எளியது: இதைச் செய்தவன்மேல் ஆண்டவராகிய மெசியா இரக்கம் காட்டட்டும் என்ற வேண்டுதல். ஒரு வணிகனோ அவன் குடும்பமோ கடல் தாண்டி வந்து, சொந்த ஊர் எழுத்தில், இந்த ஊர்க் கல்தச்சனைக் கொண்டு வெட்டுவித்த வேண்டுதல். கோட்டயம், முட்டுச்சிறை, கடமற்றம் என்று கேரளத்தில் இதே மாதிரிச் சிலுவைகள் இருக்கின்றன. அனுராதபுரத்தில் 1912-இல் அகழாய்வில் இதன் உறவுக் கல் ஒன்று கிடைத்தது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், 849-இல், வட்டெழுத்து வாசகத்துக்குச் சாட்சியாகப் பகலவியிலும் அரபியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துகள் இருக்கின்றன. இந்தக் கடற்கரை எப்படிப்பட்ட சந்தை என்பதற்கு அந்த ஓர் ஏடு போதும். சீனத்தின் சியான் நகரில் பாரசீகத்திலிருந்து பரவிய கிழக்குத் திருச்சபையார் 781-இல் நிறுவிய கல்வெட்டின் தலைப்பிலும் சிலுவை தாமரைமேல்தான் நிற்கிறது.

இந்தச் சிலுவைகளில் எதிலும் உடல் இல்லை. ஆணியும் இரத்தமும் இல்லை. கிழக்குத் திருச்சபையார் வெறுமையான சிலுவையையே வணங்கினார்கள். அது அவர்களுக்கு உயிர்த்தெழுந்தவரின் அடையாளம். பட்ட மரம் துளிர்த்த கணத்தை அவர்கள் செதுக்கச் சொன்னார்கள். சேற்றில் வேரூன்றி நீர்மேல் விரியும் பூவை இந்த மண்ணின் சிற்பி பீடமாக வைத்தான். தெய்வத்தை எதன்மேல் நிறுத்துவது என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

நம்முடைய 'சிலுவை' என்ற சொல்லும் இவர்கள் வழியாக வந்ததே. சிரியாக் மொழியின் 'ஸ்லீவா' தமிழில் சிலுவையானது. சிரியாக் என்பது அரமேயத்தின் ஒரு கிளை. இயேசு வீட்டில் பேசியது அரமேயம். கிரேக்கமும் இலத்தீனும் இடையில் வராமல், அவர் பேசிய மொழிக் குடும்பத்திலிருந்து நேரே கடல்வழியாக வந்த சொல்லை நாம் வைத்திருக்கிறோம். பிறகு வந்த போர்த்துக்கீசியரின் 'க்ரூஸ்' குருசாகி, தென்கடற்கரையில் குருசடியாக நிற்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை சிலுவைமுத்து, எதிர்வீட்டுப் பிள்ளை குரூஸ். பல நூற்றாண்டு இடைவெளியில் வந்த இரண்டு கப்பல்கள் அந்த இரண்டு பெயர்களில் நிற்கின்றன.

தாமரைச் சிலுவையை நான் நேசிக்கிறேன். ஆனாலும் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் குதிகால் ஆணி மறந்துபோகும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அந்த மறதியை மேற்கு ஒரு காலத்தில் தானே உணர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஏறக்குறைய 970-ஐச் சேர்ந்த கேரோ சிலுவை என்ற மரச்சிற்பம் இருக்கிறது. ஆளுயரம். கண் மூடியிருக்கிறது, தலை சரிந்திருக்கிறது, உடல் தன் கனத்தால் தொய்ந்து வயிறு புடைத்திருக்கிறது. சாந்தா சபினாவில் கண்விழித்து நின்றவர் இங்கே செத்துப்போயிருக்கிறார்.

அந்த வழியின் எல்லை வரை போனவர் மத்தியாஸ் குரூனவால்ட். 1512-க்கும் 1516-க்கும் இடையில் இசன்ஹைம் ஊரின் அந்தோனியார் மடத்துக்கு அவர் தீட்டிய பீடச் சித்திரம் இன்று பிரான்சின் கொல்மார் நகரில் உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த மடம் ஒரு மருத்துவமனையும்கூட. ரை என்ற தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சையால் வரும் நோய்க்கு அங்கே பண்டுவம் பார்த்தார்கள். கைகால் தீப்பட்டதுபோல எரியும். தோல் கறுத்து அழுகும். கடைசியில் உறுப்பை வெட்ட நேரும். 'அந்தோனியார் நெருப்பு' என்று அதற்குப் பெயர். ரொட்டிதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஏழைகள் கெட்டுப்போன தானியத்தையும் தின்றார்கள். நோயும் அவர்களையே அதிகம் பிடித்தது.

குரூனவால்ட் வரைந்த இயேசுவின் தோலைக் கிட்டத்தில் பாருங்கள். பச்சை பாய்ந்த நிறம். உடலெங்கும் புண்; புண்களில் முள் ஒடிந்து நிற்கிறது. விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக முறுக்கி வானத்தை நோக்கி விறைத்திருக்கின்றன. உதடு நீலம். அந்தப் படத்தின் முன்னால்தான் நோயாளிகள் கொண்டுவரப்பட்டார்கள். சிலுவையில் இருந்தவரின் தோலில் தங்கள் நோயைக் கண்டார்கள். அந்தச் சித்திரம் கதவுகளாகத் திறக்கும். திறக்கும்போது பிளவு உருவத்தின் தோளை ஒட்டி விழுகிறது. ஒரு கை உடலைவிட்டுப் பிரிந்து போவதுபோலத் தெரியும். அந்த மண்டபத்தில் கை இழந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அறிஞர்கள் இதைத் திட்டமா தற்செயலா என்று பேசுகிறார்கள். திட்டம்தான் என்று நம்பவே என் மனம் விரும்புகிறது.

இதே நூற்றாண்டுகளில் சிலுவை வேறு வேலையும் செய்தது. 1095-இல் கிளெர்மோன்ட் நகரில் திருத்தந்தை போருக்கு விடுத்த அழைப்புக்குப் பிறகு துணியில் வெட்டிய சிலுவையைத் தோளில் தைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள், 1099-இல் எருசலேமில் முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். தமிழில் 'சிலுவைப் போர்' என்று எளிதாக எழுதிவிடுகிறோம். அடிமையைக் கொன்ற மரமும் போரும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கின என்று நின்று கேட்பதில்லை. அமெரிக்காவில் கூ கிளக்ஸ் கிளான் கறுப்பின மக்களின் வீட்டெதிரே சிலுவையைக் கொளுத்தியது. அதே மக்கள் ஞாயிறுதோறும் அதே சிலுவையின் அடியில் பாடினார்கள். இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011-இல் ஒரு நூல் முழுக்க இதை எழுதினார். வெள்ளையர் கும்பல் கறுப்பரைத் தூக்கிலிட்ட மரத்தையும் கல்வாரி மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத அமெரிக்கன் இரண்டையும் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்க உடன்பாடு. கொல்லப்படுகிறவன் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குறி தன் பிறப்பிடத்தில் நிற்கிறது. கொல்லுகிறவன் கையில் அது இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் சொத்து.

கேரளத்து மட்டாஞ்சேரியில் 1653 ஜனவரி 3-ஆம் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். போர்த்துக்கீசியச் சபையதிகாரத்தை எதிர்த்துத் தோமா கிறிஸ்தவர்கள் திரண்டார்கள். சிலுவையைத் தொட்டு ஆணையிட வேண்டும், கூட்டமோ பெரிது. சிலுவையில் கயிறுகளைக் கட்டி, கைக்கு எட்டியவரை பிடித்துக்கொண்டு ஆணையிட்டார்கள் என்பது மரபு. கூனன் குரிசு ஆணை என்று அதற்குப் பெயர். சிலுவையின் பெயரால் வந்த அதிகாரத்துக்கு எதிராகச் சிலுவையே சாட்சி.

நம் வீட்டுக்கும் வருகிறேன். தென்மாவட்டமொன்றில் ஓர் உறவினரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆள் மார்பளவுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் நூறு சிலுவைகள், அந்தப் பக்கம் நூறு சிலுவைகள். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "அது அவுங்க எடம் சார்" என்றார், மெதுவாக. தமிழ்நாட்டில் இப்படிச் சாதிச் சுவர் வைத்த கல்லறைத் தோட்டங்கள் ஒன்றிரண்டு அல்ல. அந்தச் சுவரின் நிழல் மாலையில் ஒரு பக்கத்துச் சிலுவைகள்மேல் விழுவதைப் பார்த்தபடி நின்றேன். ஊருக்கு வெளியே தள்ளிக் கொல்லப்பட்டவனின் குறியை நட்டு, செத்தபின்னும் மனிதரை வெளியே தள்ளிப் புதைக்கிறோம். அன்று நான் எதுவும் பேசாமல் திரும்பி வந்தேன். அந்த மௌனம் இன்றுவரை எனக்கு வலிக்கிறது. அந்தச் சுவர் இடிக்கப்பட வேண்டும் என்று இந்த மேடையில் சொல்லவாவது எனக்குக் கடமை உண்டு.

கடைசியாக, என் ஆச்சியின் சிலுவை. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து ஓலையைக் கிழிப்பாள். ஈர்க்கை உருவிவிட்டு, ஒரு கீற்றை நீளவாக்கில் மடித்து, இன்னொன்றைக் குறுக்கே செருகுவாள். ஓலை நழுவும். அதற்காக வேலியிலிருந்து ஒடித்து வந்த உடைமுள்ளை நடுவில் குத்தி இறுக்குவாள். நூல் கட்டினால் போதாதா ஆச்சி என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவருக்கு நூலாலே கட்டுனாங்க? போல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஓலையை எடுத்தாள். வீட்டில் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று, மாட்டுத்தொழுவத்துக்கு ஒன்று, எங்கள் பாடப் பெட்டிக்கு ஒன்று. பச்சையோலை ஆண்டு முழுக்கக் காய்ந்து சருகாகும். மறுவருடம் விபூதிப் புதனுக்கு முன்னால் கோயில்பிள்ளை வீடு வீடாக வந்து பழைய ஓலைகளை வாங்கிப் போவார். கோயிலுக்குப் பின்னால் மண்சட்டியில் போட்டு எரித்து, சாம்பலைத் துணியில் சலிப்பார். அந்தச் சாம்பலால்தான் சாமியார் எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார். ஓலை நொடியில் எரிந்துவிடும். முள் அவ்வளவு எளிதில் எரியாது. சலித்து முடித்த துணியில் கருகிய முட்கள் நாலைந்து எப்போதும் தங்கியிருக்கும். கோயில்பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, யார் காலிலும் தைக்காதபடி, சுவரோரம் குழி தோண்டிப் புதைப்பார்.